பள்ளிக்கூடத்தில் ஊசி போட வருபவர் யார்? மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டுமா?

ஐந்தாம் வகுப்பு அப்பா:

மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று டைரியில் இப்படி எழுதி அனுப்பியிருந்தார்கள்: "வியாழன் அன்று தடுப்பூசி போடப்படும். சாப்பிட்டு வரவும். பெற்றோர் கையொப்பம்." அவ்வளவுதான்.

நான் தடுப்பூசிக்கு எதிரானவன் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு ஊசி விடாமல் போட்டிருக்கிறோம், அட்டையும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டவை. பக்கத்து அறையில் டாக்டர் இருப்பார் என்ற தைரியம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போடுவார்கள் என்று நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை.

போன வருடம் அண்ணன் மகன் படிக்கும் வேறொரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் வராந்தாவிலேயே மயங்கி விழுந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்களாம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊசி போட்டது யார் என்று அண்ணன் போய்க் கேட்டபோது பள்ளியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஹெல்த்திலிருந்து வந்தார்கள்" என்பதுதான் பதில். அந்த பதில்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என் அம்மாவுக்கு மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாரே ஒரு அக்கா, அவரும் பள்ளிக்கு வருவார் என்று மனைவி சொல்கிறாள். அவர் ஊசி போடலாமா? கண், பல் பார்க்க வேனில் ஒரு டாக்டர் குழு வருகிறதே, அவர்கள் போடுவார்களா? டாக்டர் இல்லாமல் நர்ஸ் மட்டும் வந்து போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையெழுத்துப் போட இன்னும் 2 நாள் இருக்கிறது.


சாக்பீஸ்:

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் கேட்பார்கள், எழுதிக் கொடுப்போம். ஒரு அறை, இரண்டு மேசை, பெஞ்சு, குடிநீர் தயாராக வைப்போம். அன்றைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதும், அழுகிறவனைப் பிடித்து மடியில் உட்கார வைப்பதும் எங்கள் வேலை. ஊசியையோ மருந்தையோ ஆசிரியர் யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது. எங்கள் பள்ளிக்கு எட்டு வருடமாக ஒரே நர்ஸம்மாதான் வருகிறார். பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குழந்தையில் ஊசி போட்டவரும் அவர்தான். உங்கள் பள்ளிக்கு வருவது யார் என்று தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.


கிராம செவிலி:

தம்பி, கையெழுத்துப் போடும் முன் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நான் 1990 முதல் 2022 வரை தேனி மாவட்டத்தில் மலையடிவாரக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகவும், கடைசி சில ஆண்டுகள் பகுதி சுகாதார செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசிகளை எண்ணிப் பார்த்ததில்லை. சில ஆயிரம் கைகளாவது இருக்கும்.

முதலில் நேரான பதில். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஊசியைக் கையில் எடுப்பவர் கிராம சுகாதார செவிலியர். நகரமானால் நகர சுகாதார செவிலியர். அவர் விடுப்பில் இருந்தால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரோ, பகுதி செவிலியரோ, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸோ வருவார். மருத்துவரும் போடலாம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது முறையான படிப்பும் பதிவும். நான் படித்தபோது பதினெட்டு மாதப் பயிற்சி. இப்போது துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. முடித்தவுடன் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் ஏற வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத கை பிள்ளையின் தோளில் ஊசி வைக்கக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கு மாத்திரை தரும் அக்கா, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலராக இருப்பார். பிரஷர், சர்க்கரை பார்ப்பது, மாத்திரை சேர்ப்பது அவர் வேலை. ஊசி அவர் வேலை இல்லை. பள்ளிக்கு வந்தாலும் பிள்ளைகளைக் கூப்பிட, பெயர் சரிபார்க்க உதவியாக வருவார். அங்கன்வாடிப் பணியாளரும், மலைப்பகுதிகளில் ஆஷா என்று அழைக்கப்படும் சுகாதாரத் தன்னார்வலரும் அப்படித்தான். சுகாதார ஆய்வாளர் வருவார். பெட்டி கொண்டுவந்து சேர்ப்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது, பதிவேடு எழுதுவது என்று அவர் இல்லாமல் எங்கள் வேலை ஓடாது, ஆனாலும் ஊசி நாங்கள்தான்.

வேனில் வரும் குழு 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. தேசிய வழிகாட்டுதலில் ஒரு குழுவுக்கு ஆயுஷ் மருத்துவர்கள் இருவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். அவர்கள் வருவது பரிசோதனைக்கு: பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்த்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்வதும் உண்டு. அது பெரிய உதவி.

உங்கள் மகளுக்குப் போடப்போவது டி.டி. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. முன்பு பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னிக்கு மட்டும் போட்ட ஊசியையும் டி.டி. என்றுதான் சொல்வோம். இப்போது போடுவது ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் "என் பிள்ளைக்குப் போன மாதம் அடிபட்டு டி.டி. போட்டாயிற்று" என்று சொல்கிற பெற்றோரிடம் சீட்டை வாங்கிப் பார்க்காமல் நான் விட்டதில்லை. குழந்தையில் போட்ட முத்தடுப்பு ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறையும். ஐந்து ஆறு வயதில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று வைத்திருப்பது அதனால்தான். பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் இடம் பள்ளி என்பதால் நாங்கள் அங்கே வருகிறோம்.

அடுத்து மருத்துவர். அவர் அதே அறையில் நிற்க வேண்டும் என்று இல்லை. ஆனால் எந்த நாள், எந்தப் பள்ளி, எந்தச் செவிலியர் என்பது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் திட்டத்தில் இருக்கும். அவர் கைப்பேசியில் கிடைக்க வேண்டும், கூப்பிட்டால் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு காலம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு கிராமத்துக்குப் போய்ப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் ஊசி என்றார்கள். சரியான பயம்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் மலையடிவாரத்தில் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கைக்குழந்தையோடு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய் எப்படி வருவாள்? நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல எங்களை மறுபடி ஊருக்குள் விட்டார்கள். மருத்துவர் கட்டாயம் பக்கத்தில் வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அப்படியே வைத்தால் முதலில் விட்டுப்போவது தூரத்துப் பள்ளிகள்தான். அதனால் செவிலியரை இன்னும் நன்றாகத் தயார் செய்து அனுப்புவதே வழி என்பது என் கருத்து.

தயாராக வந்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? பெட்டியைத் திறக்கும்போது பாருங்கள். நாங்கள் கேரியர் என்போம். சதுரமான நீலப் பெட்டி, உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக். பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைக்கக் கூடாது. மேலே வியர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைக்க வேண்டும். டி.டி. மருந்து உறையக் கூடாது. உறைந்து போனால் பலன் போய்விடும். காலை ஏழு மணிக்கு ஐஸ் பேக்கைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டு நிற்பேன், புதிதாக வந்த காவலாளி ஒருவர் "போன் பேசுறீங்களாம்மா" என்று கேட்டார்.

மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். சிரிஞ்ச் ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஏ.டி. சிரிஞ்ச், ஒவ்வொரு பிள்ளைக்கும் உறையைப் புதிதாகக் கிழிக்க வேண்டும். போட்டு முடித்ததும் ஹப் கட்டர் என்ற வெட்டும் கருவியில் சிரிஞ்சின் கழுத்தை நறுக்குவோம், "டக்" என்று ஒரு சத்தம் வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு "டக்". கேட்டுக்கொண்டே வந்தால் தெரியும்.

உங்கள் அண்ணன் மகன் மயங்கிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் யார் போடலாம் என்ற கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு உயர்நிலைப் பள்ளி, பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. தனி அறை கேட்டேன், "ஹாலிலேயே போட்டு சீக்கிரம் முடியுங்கள், பரீட்சை இருக்கிறது" என்றார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். அது என் தவறு. பதினொரு மணி வெயில், வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கண்ணெதிரே ஊசி. மூன்றாவதாகப் போட்டுக்கொண்ட பெண் எழுந்து நாலடி நடந்து அப்படியே சரிந்தாள். கீழே மோதி உதட்டில் ரத்தம். அதைப் பார்த்த அடுத்த பெண், பிறகு அவளுக்கு அடுத்தவள். பத்து நிமிடத்தில் ஆறு பேர் தரையில். ஆசிரியர்கள் அலற, வெளியே யாரோ "ஊசியில் விஷம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பெண்ணின் கழுத்தில் விரல் வைத்தேன். நாடி மெதுவாக, நிதானமாக அடித்தது. முகம் வெளிறி, தோல் சில்லென்று வியர்த்திருந்தது. தடிப்பு இல்லை, மூச்சில் இழுப்பு இல்லை, உதடோ கண்ணோ வீங்கவில்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து "அக்கா, பை எங்கே" என்றாள். இது பயத்தில் வரும் மயக்கம். ஒவ்வாமையால் வரும் அதிர்ச்சியானால் நாடி வேகமாக, நூல் மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் அரிக்கும், தடிக்கும், மூச்சு திணறும், படுக்க வைத்தாலும் தெளியாது. அப்போது ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் அட்ரினலின் போட வேண்டும். லட்சங்களில் ஒருவருக்கு வருவது அது. முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அட்ரினலின் வைத்த சிறு பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

ஊசி குத்த யாருக்கும் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் தம்பி. அந்தக் கழுத்தில் விரல் வைத்து இது எது என்று பிரித்துச் சொல்லத்தான் படிப்பு வேண்டும்.

அதற்குப் பிறகு தனி அறை இல்லாமல் நான் கேரியரைத் திறந்ததில்லை. ஒரு வாசலில் உள்ளே, இன்னொரு வாசலில் வெளியே. சாப்பிடாத பிள்ளைக்கு முதலில் பிஸ்கட். உட்கார்ந்தபடி ஊசி, உட்கார்ந்தபடியே அரை மணி நேரம்.


மாத்திரைக் கடைக்காரர்:

சிஸ்டர், நான் மருந்தாளுநர். கொரோனா காலத்தில் தடுப்பூசி போடுபவர்கள் பட்டியலில் எங்களையும் சேர்த்திருந்தார்களே. அப்போது முடியும், இப்போது முடியாது என்றால் எப்படி?


ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:

கேள்வி மருந்தாளுநரிடமிருந்து வந்தாலும் நான் சொல்கிறேன், அந்த நாட்களில் பள்ளி முகாம்களில் நின்றவன்.

கொரோனா வழிகாட்டுதலில் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், துணைச் செவிலியர், பெண் சுகாதாரப் பார்வையாளர் என்று போட்டு, சட்டப்படி ஊசி போடத் தகுதியுள்ள எவரையும் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் குறுகிய காலத்தில் போட வேண்டியிருந்ததால் வந்த ஏற்பாடு அது. 2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கோவாக்சின், மார்ச் 16 முதல் 12 வயதினருக்குக் கோர்பிவேக்ஸ் என்று பள்ளிகளுக்கே போனோம். அப்போதும் எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் போட்டது பெரும்பாலும் செவிலியர்தான். வழக்கமான அட்டவணைத் தடுப்பூசியில் எங்கள் மருந்தாளுநர் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்து, 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கிறார். அந்தக் குறிப்பேடு சரியில்லை என்றால் செவிலியரின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. இதைச் சின்ன வேலையாக நான் நினைக்கவில்லை.

செவிலியம்மா சொன்ன அட்ரினலினில் ஒன்று சேர்க்கிறேன். முன்பெல்லாம் மருத்துவர் வந்துதான் போட வேண்டும் என்ற தயக்கம் இருந்தது. இப்போது செவிலியருக்கே பயிற்சி கொடுத்து, வயதுக்கேற்ற அளவு எழுதிய அட்டையோடு பெட்டி தருகிறோம். சந்தேகம் வலுத்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் முதல் டோஸை அவரே போட்டுவிட்டு, 108ஐயும் எங்களையும் அழைக்க வேண்டும். மருத்துவர் அறையில் இல்லை என்ற உங்கள் கவலைக்கு இதுதான் ஏற்பாடு.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடக் கூடாது என்று சொன்னது. உங்கள் டைரியில் அந்தக் கையெழுத்துக் கோடு சும்மா இல்லை. கையெழுத்தோடு, முன்பு எந்த ஊசிக்காவது கடுமையான ஒவ்வாமை வந்ததா, இப்போது அதிகக் காய்ச்சல் இருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். லேசான சளி இருந்தால் பரவாயில்லை.


இரண்டு பிள்ளைகளின் அம்மா:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் படிப்பது பெரிய தனியார் பள்ளி, ஊரும் பெயரும் வேண்டாம். போன ஆண்டு பணம் கட்டி ஒரு தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். வெள்ளை உடுப்பில் இரண்டு இளம் பெண்கள் வந்து போட்டார்கள். பிறகு விசாரித்தால் இருவரும் நர்சிங் மாணவிகள். கூட ஆசிரியரோ மருத்துவரோ இல்லை. மகன் கொண்டுவந்த சீட்டில் ஊசியின் பெயரும் தேதியும் மட்டும் இருந்தது. எங்கள் குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு "பேட்ச் எண் எங்கே?" என்று கேட்டார். பள்ளியில் கேட்டேன், நடத்தியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். நடத்தியவர்கள் போனை எடுக்கவில்லை. ஒரு வருடமாகிறது. இன்னும் என் மகனுக்கு என்ன மருந்து, எந்தப் பேட்ச் போட்டார்கள் என்று தெரியாது.


கிராம செவிலி:

படித்துவிட்டு மனம் கனத்துவிட்டது அம்மா. உங்கள் குழந்தை மருத்துவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

மாணவிகள் கற்றுக்கொள்ள வேண்டும்தான், நானும் அப்படிக் கற்றவள்தான். ஆனால் பதிவுபெற்ற செவிலியரோ பயிற்றுநரோ தோளோடு தோளாக நிற்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு குழந்தைக்குப் போட்டபோது என் பயிற்றுநர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தனியாக அனுப்புவது அந்தப் பெண்களுக்கும் செய்யும் அநியாயம். ஏதாவது ஆகியிருந்தால் பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும்.

அரசுத் திட்டத்தில் வரும் ஊசிக்குப் பணம் கிடையாது. பணம் கேட்டால் அது தனியார் முகாம் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். தனியார் முகாம் நடத்துவது தப்பில்லை. ஆனால் பெற்றோர் முன்கூட்டியே கேட்க வேண்டும்: போடப்போகிறவர் யார், கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, பொறுப்பு மருத்துவர் யார், அவர் அன்று இருப்பாரா, அட்ரினலின் இருக்கிறதா, மருந்து எந்தப் பெட்டியில் வருகிறது. சீட்டில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி, போட்டவரின் கையெழுத்து இருக்க வேண்டும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பள்ளிக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு அந்த நகலோடு எழுதுங்கள். அதுவரை அந்த ஊசியைக் கணக்கில் எடுப்பதா, மறுபடி போடுவதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அரசு முகாமிலும் இதே உரிமை உங்களுக்கு உண்டு. "ஹெல்த்திலிருந்து வந்தார்கள்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்களுக்குப் பெயர் இருக்கிறது, துணை சுகாதார நிலையம் இருக்கிறது, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது. பள்ளி வாசலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பெற்றோரைக் கண்ணால் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர், என் பெயரையும் என் வீடு எந்தத் தெரு என்பதையும் சொன்ன பிறகு மறுநாள் திரும்பி வந்தார்கள். யார் என்று தெரியாத கைக்குத்தான் பயம்.


ஐந்தாம் வகுப்பு அப்பா:

வியாழன் முடிந்தது, எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

புதன்கிழமையே தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். செவிலியர் பெயரையும் எந்தத் துணை சுகாதார நிலையம் என்பதையும் உடனே சொன்னார். மாடி வேண்டாம், கீழ் அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நூலக அறையை ஒதுக்கினார்கள், அதற்கு இரண்டு வாசல். வியாழன் காலை அரை நாள் விடுப்புப் போட்டு வெளியே நின்றேன். செவிலியம்மா கேரியரைத் திறக்கும் முன் தானாகவே என்னை அழைத்துக் குப்பியைக் காட்டினார். நீங்கள் சொன்ன சதுரம் வட்டத்தைவிட நன்றாக வெளிறியிருந்தது. மேசை ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று. அதுதானா என்று கேட்டேன், தலையசைத்தார்.

முப்பத்தெட்டு பிள்ளைகள். முப்பத்தெட்டு "டக்" எண்ணினேன். ஒரு பையன் மட்டும் முகம் வெளுத்துச் சாய்ந்தான். பெஞ்சிலேயே படுக்க வைத்துக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார், இரண்டு நிமிடத்தில் எழுந்து பிஸ்கட் சாப்பிட்டான். யாரும் பதறவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி ஆகும் வரை கடைசிப் பிள்ளையையும் வெளியே விடவில்லை.

மகள் அழவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாளாம். இப்போது கை வலிக்கிறது, லேசாகச் சூடாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?


கிராம செவிலி:

பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல முடிந்தது என்றால் தைரியக்காரிதான்.

குளிர்ந்த ஈரத்துணியை மடித்து மேலே வையுங்கள். தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம். காய்ச்சல் இருந்தால் அவள் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம், அளவு தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். காய்ச்சல் அதற்கு மேல் நீடித்தாலோ, கை வீங்கி முழங்கை வரை இறங்கினாலோ அந்தச் செவிலியம்மாவையே கூப்பிடுங்கள், எண் கொடுத்திருப்பார். அட்டையில் தேதி ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அடுத்தது பதினாறு வயதில்.